வில்சன் படகின் பித்தளை பிளக்

பேய், செய்வினை, கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முத்தையாபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், கடை வாசலில் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கட்டியது கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எனக்கும் வில்சனுக்கும் பாய்மரப் படகுப் பைத்தியம். வில்சன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஆளுக்கொரு படகு உண்டு. மீன்பிடிப் படகு இல்லை, ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு போகிற சின்னப் படகு. எங்காவது பழசாகக் கிடந்தால் வாங்கி, சுரண்டி, ஒட்டுப்போட்டு, பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலில் இறக்கி, தீவுப் பக்கம் வரை போய்த் திரும்புவோம். பதினைந்து வருடமாக இதே வேலைதான், வீட்டில் வாங்காத திட்டு இல்லை.

ஏரலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், செங்கல் சூளைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் பதினாறடி ஃபைபர் படகை முதலில் பார்த்தவன் நான். ஆற்றங்கரை ஊருக்கு அது எப்படி வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வாய் சும்மா இருக்காமல் அன்று சாயங்காலமே வில்சனிடம் சொன்னேன். மறுநாள் விடிவதற்குள் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கேட்டால், நீ பார்த்துவிட்டுச் சும்மாதானே வந்தாய் என்கிறான்.

இரண்டு வருடம் அதைச் செதுக்கினான். பெயிண்ட் எல்லாம் என் கடையில்தான். ஒரே டப்பாவில் நான் கலந்த நீலம் என் படகில் சுமாராக இருந்தது, அவன் படகில் ஏறியதும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். என் மனைவியே அவன் படகு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இந்த மாதிரிப் படகின் பின்பக்க அடியில் ஒரு ஓட்டை இருக்கும். கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்கு. மறுபடி இறக்கும்போது அதில் பித்தளை பிளக்கைத் திருகி அடைக்க வேண்டும், மறந்தால் படகு மூழ்கும். மறக்காதவர்களே கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: என் பிளக்கை அவன் பார்க்க வேண்டும், அவன் பிளக்கை நான் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று அடுத்தவன் சொல்லாமல் இறக்கக் கூடாது.

அந்த ஞாயிறு வில்சன் தன் மனைவி மெர்லினையும் அழைத்து வந்திருந்தான். அவளுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் என்னைக் கேட்டான்.

"ஏலே, பிளக்கு பாத்தியா?"

அவன் பிளக் ஜீப் பம்பர் மேல் இருந்தது. என் கண்ணுக்கு நேரே மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேம்லே" என்றேன். சொல்லிவிட்டு அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொல்ல நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கரைப் பக்கத்திலேயே தண்ணீர் ஏறும், மனைவி முன்னால் முழங்கால் நனைந்து அசிங்கப்பட்டுத் திரும்புவான், அவ்வளவுதான் என் கணக்கு.

அவன் திரும்பவில்லை. பாய் விரித்ததும் படகு பறந்துவிட்டது. நான் பதறிப்போய் என் படகை இறக்கிப் பின்னால் போனேன். கத்தலாம். கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். இப்படியே அரைமணி நேரம் போயிற்று, அவன் படகு ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை, மெர்லின் சிரிக்கிற சத்தம் காற்றில் வந்தது. அப்போதும், நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதி வரவில்லை, ஓட்டையோடும் என்னை முந்துகிறானே என்றுதான் இருந்தது.

அப்போதுதான் என் காலில் சில்லென்றது. குனிந்தால் கணுக்கால் வரை தண்ணீர். என் பிளக்கைத் தடவிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. அள்ளிக் கொட்டக் கொட்ட ஏறியது. முழங்காலுக்கு வந்தபோது வாய்விட்டுக் கத்தினேன்.

வில்சன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து என்னைத் தூக்கி ஏற்றினான், என் படகைக் கயிற்றில் கட்டினான். நான் உட்கார்ந்த இடம் காய்ந்து கிடந்தது. மெர்லின் காலடியில் கடலை மடித்த காகிதம்கூட நனையவில்லை. பின்பக்க ஓட்டைக்கு மேலிருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டை திறந்துதான் இருந்தது. அந்த வட்டத்தில் கடல் தண்ணீர் பச்சையாக, கண்ணாடி பதித்த மாதிரி நின்றது, உள்ளே வரவில்லை. விரலை விட்டேன், விரல் முழுக்க நனைந்தது. எடுத்தேன். ஒரு சொட்டு பின்னால் வரவில்லை.

"அங்கன என்னலே பாக்க?" என்றான் வில்சன், சுக்கானைப் பிடித்தபடி.

"ஒண்ணுமில்ல."

கரையில் என் பிளக்கைக் கழற்றினேன், கால்மணி நேரம் தண்ணீர் கொட்டியது. பிறகு ஷெட்டில் படகுக்குள் ஓஸ் பைப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், எங்கும் கசியவில்லை. எந்த வழியாக ஏறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு வில்சன் புது பிளக் கொண்டுவந்தான். பழையது என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வாராவாரம் முன்போலவே, "பிளக்கு பாத்தியா?" என்று என்னைத்தான் கேட்கிறான்.

பழைய பிளக் என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை அது பாட்டுக்குக் கிடக்கும். ஞாயிறு கடலுக்குப் போய் அவன் படகைப் பார்த்துவிட்டு வந்து திறந்தால், அதற்கடியில் விரித்த தாள் ஈரமாக இருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கடல் காற்றின் ஈரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வில்சன் கடைக்கு வந்தான். ஆலந்தலையில் இன்னொரு பழைய படகு பார்த்திருக்கிறானாம், இதைவிடப் பெரியதாம், பேசி முடித்துவிட்டானாம். நல்லது என்று சிரித்தேன். அவன் போனதும் டிராயரைத் திறந்தேன்.

தாள் ஊறிப்போயிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.