ஐஸ் கொட்டாயில எங்கம்மா

எங்கூர்ல அம்மனுக்குக் காப்பு கட்டுனா ஒரு சட்டம் கீது. மேளம் அடிச்சி காப்பு கட்டுற நேரத்துல யாரு ஊருக்குள்ள கீறாங்களோ, அவங்க அத்தினி பேரும் தீமிதி முடியுற வரைக்கும் ஊர்லதான் படுக்கணும். பகல்ல எங்க வேணா போலாம், வரலாம். படுக்க மட்டும் எல்லைக்குள்ள வந்துடணும். அந்த நேரத்துல ஊர்ல இல்லாதவனுக்கு இந்தக் கட்டு கெடையாது. அவன் எங்க படுத்தா சாமிக்கு இன்னா.

பத்தாவதுல கணக்குல ரெண்டு தபா ஃபெயிலான மூளைய வெச்சி இந்த ஓட்டைய நான்தான் கண்டுபுடிச்சேன். எனக்கு அந்த ஓட்ட அப்ப ரொம்பத் தேவப்பட்டுச்சி.

ஏன்னா, இந்த வருஷம் கத்திரி வெயிலுக்குப் பாண்டிச்சேரியில புதுசு புதுசா எறக்கியிருந்தானுங்க. கடல்மேல மெதக்குற பாலம், கவுறு கட்டி மேல ஏத்துற பலூனு, பாட்டுக்கு ஆடுற தண்ணி, வாயத் தொறந்து உறுமுற டைனோசரு. இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பெரிய கொட்டாய். உள்ள பூரா ஐஸு. வெளிய ரோட்ல தாரு உருகுது, உள்ள பல்லு தந்தியடிக்குது. அந்தக் கொட்டாயிலதான் எனக்கு வேல. வர்றவங்களுக்கு ஜாக்கெட்டும் பூட்ஸும் எடுத்துக் குடுக்கணும், போம்போது திருப்பி வாங்கணும்.

அதுக்கு முன்னாடி திண்டிவனத்துல ஃப்ளெக்ஸ் கடையில ஆறு மாசம், விழுப்புரத்துல செல்போன் கடையில நாலு மாசம், அப்புறம் ஒரு குட்டியானை லோடு வண்டிக்கி டிரைவரா ரெண்டு மாசம். எனக்கு ஒரு எடத்துல குந்த வராது. ஆனா இந்த வேலையில ஒரு ஆச இருந்துச்சி. கொட்டாயி பாண்டிச்சேரியிலயே இருக்காது. சீசன் முடிஞ்சா பிரிச்சி லாரியில ஏத்தி விசாகப்பட்டணம் போவும், அங்கேர்ந்து ஒரிசா பக்கம் போவும், அதுக்கு மேல எங்கெங்கியோ போவும். எங்க சூப்பர்வைசர் அண்ணன் சேலத்துக்காரரு. மொத நாளே சொல்லிட்டாரு.

"லீவு போடாம நின்னீன்னா உன்னையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போனாலும் பேர வெட்டிருவேன்."

"அண்ணே, எனக்கு ஊரே கெடையாதுன்னு நெனைச்சிக்கங்க"ன்னேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குப் பக்கத்துல வளந்தவன் நான். சின்ன வயசுலேர்ந்து அந்த ரோட்ல எல்லா வண்டியும் எங்கியோ போவுது. நான் நின்னு வேடிக்க பாக்கறேன்.

கொட்டாய் சாத்த ராத்திரி ஒம்போது ஆவும். தெனம் வூட்டுக்கு வந்து படுத்து திரும்பப் போறதுன்னா நாய் பொழப்பு. அதனால காப்பு கட்டுற அன்னிக்கி, வார ஆஃபுக்கு வூட்ல இருந்தவன், மத்தியானமே நைசா நழுவிட்டேன். பைக்க எடுத்தா சத்தம் கேட்டு எங்கம்மா புடிச்சிடும்னு வண்டிய வூட்லயே வுட்டுட்டு நடந்தே ரோட்டுக்கு வந்தேன். டோல்கேட்டாண்ட ஒரு பரோட்டா கடையில குந்திக்கினு, மூணு டீ குடிச்சி, தங்கச்சிக்கு போன் போட்டேன். "கட்டியாச்சா?"ன்னேன். "கட்டியாச்சு"ன்னா. சிரிப்ப அடக்கிக்கினு சொன்ன மாதிரி இருந்துச்சி. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

வூட்டுக்கு வந்து பாத்தா என் பைக்கு ஹாண்டில்பார்ல மஞ்சக் கயிறு. நடுவுல மஞ்சக் கெழங்கு வேற.

"இன்னாமா இது?"

எங்கம்மா வேப்பந்தழ ஆஞ்சிக்கினு நிமிராம சொல்லிச்சி, "நீதான் ஊர்ல இல்ல. உன் வண்டி இருந்துச்சில்ல."

"வண்டிக்குப் போயி யாரனா காப்பு கட்டுவாங்களா?"

"பூசாரியே கேட்டாரு. உம்புள்ளைக்குப் பதிலா எதனா ஒண்ணு சொல்லுன்னாரு. அவனுக்கு அதுதான் உசுருன்னேன். கட்டிட்டாரு."

"சரி, வண்டி இங்க படுக்கட்டும். நான் அங்க படுக்கறேன்."

சண்ட போடும்னு பாத்தேன். போடல. "படு. நீ எல்லைக்குள்ள வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது"ன்னு மட்டும் சொல்லிச்சி.

இத மெரட்டல்னு நெனச்சிக்காதீங்க. எங்கம்மா இந்த வருஷம் தீமிதிக்குன்னே காப்பு கட்டியிருந்துச்சி. மஞ்சப் பொடவ, காலுக்குச் செருப்பு கெடையாது, ஒரு நாளைக்கி ஒரே வேள சோறு. சுகர் வேற. அந்த ஒரு வேளையத்தான் எனக்காக நிறுத்தி வெக்கிறேன்னுது.

எதுக்கு இம்மாம் பயம்னா, எங்கப்பா லாரி ஓட்டுனவரு. ஒரு வருஷம் காப்பு கட்டுனப்புறம் லோடு வந்துச்சின்னு ராத்திரியில கெளம்பிப் போனாரு. உளுந்தூர்பேட்ட தாண்டி வண்டி கவுந்து போச்சி. "டயரு வெடிச்சிதும்மா"ன்னு நான் எத்தினியோ தபா சொல்லியாச்சு. "வெடிக்க வெச்சது யாரு?"ன்னு திருப்பிக் கேக்கும். அதுக்கு மேல பேச முடியாது. டயரு கம்பெனின்னு ஒரு தபா சொன்னேன், கரண்டி பறந்து வந்துச்சி.

மூணு நாளு அல்லாடுனேன். கொட்டாயில சிரிச்சிக்கினுதான் நின்னேன். ஒரு பெரியவரு உள்ள போய்ட்டு வந்து, "தம்பி, ஏசிய கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"ன்னாரு. "ஏசி இல்ல மாமா, இமயமல. சுச்சு டில்லியில கீது"ன்னேன். ஒரு அக்கா ஐஸ வழிச்சி டிபன் பாக்ஸுல போட்டுக்கினு நைசா வந்தாங்க. "ஜூஸுக்காக்கா? சக்கர நான் தரட்டுமா?"ன்னேன். ஆனா அஞ்சு மணி ஆச்சின்னா எனக்குள்ள ஒண்ணு ஓட ஆரம்பிச்சிடும். கடியாரத்தப் பாப்பேன், போனப் பாப்பேன், ஆளுக்கு ரெண்டு லெஃப்ட் பூட்ஸ் குடுப்பேன். தங்கச்சிக்கு போன் போடுவேன்.

"அம்மா சாப்டுச்சா?"

"கேக்குற பாரு கேள்வி. நீ எங்க கீற?"

"வில்லியனூரு தாண்டிட்டேன்னு சொல்லு."

"நேத்தும் இதேதான் சொன்ன. பின்னாடி டைனோசரு கத்துது."

காப்பு கட்டுன வண்டிய எடுக்க எங்கம்மா வுடல. அதனால கொட்டாய் சாத்துனதும் ஓடி பஸ்ஸப் புடிச்சி, விழுப்புரத்துல எறங்கி, விக்கிரவாண்டிக்கி எதனா வண்டியில தொத்தி, வூட்டுக்கு வந்து சேருவேன். அதுக்கப்புறம்தான் எங்கம்மா தட்டுல கைய வெக்கும். காத்தால திரும்ப ஓட்டம். மூணு நாளுல கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சி.

நாலாம் நாளு சனிக்கெழம. ஞாயித்துக்கெழம காத்தாலயே பீச்சுல பட்டம் வுடுற விழா, எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வருது, எல்லாரும் இங்கியே படுங்கன்னுட்டாரு சூப்பர்வைசரு. நானும் படுத்துட்டேன். போன ஆஃப் பண்ணிட்டேன். அதுதான் நான் பண்ண பெரிய திருட்டுத்தனம்.

காத்தால ஆன் பண்ணா தங்கச்சி குரல் அனுப்பியிருந்தா. "அம்மா ராத்திரி சாப்புடல. மாத்திரைய மட்டும் போட்டுக்கிச்சி. விடியறப்பவே சோத்து டப்பாவ எடுத்துக்கினு கெளம்பிடுச்சி. எங்கன்னு சொல்லல."

வெளிய வானம் பூரா பட்டம். மீனு மாதிரி, பாம்பு மாதிரி, ஆளாளுக்கு அண்ணாந்து போட்டோ எடுத்துக்கினு கீறாங்க. நான் மட்டும் தரையில வர்ற காலுங்களப் பாத்துக்கினு இருந்தேன். செருப்பு, ஷூ, செருப்பு, ஹீல்ஸு. பதினோரு மணி இருக்கும், சுடுற மண்ணுல ரெண்டு வெறுங்காலு வந்துச்சி. மேல மஞ்சப் பொடவ, கையில டப்பா.

"ஐஸ் கொட்டாய் எங்கன்னு கேட்டுக் கேட்டு வந்தேன். பலூன் கொட்டாயிக்கி அனுப்பி வுட்டுட்டானுங்க"ன்னுச்சி எங்கம்மா. கோவமா இருந்தா திட்டும். திட்டல.

"மொதல்ல சாப்புடுமா."

"இது உனக்குக் கொண்ணாந்தது. நான் எல்லைக்குள்ள போய்ச் சாப்புடுறேன், நீ வந்தா. நீ இங்க இன்னாதான் பண்ற, அதக் காட்டு பாக்கலாம்."

சூப்பர்வைசரு பாத்துட்டாரு. "உங்கம்மாவா? டிக்கெட்டெல்லாம் வேணாம், கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னாரு.

ஜாக்கெட்ட மாட்டி வுட்டேன். மஞ்சப் பொடவ மேல ஊதா ஜாக்கெட்டு, தலைக்கிக் குல்லா. பூட்ஸ நீட்டுனேன், வேணாம்னுது. காப்பு கட்டுன காலு, செருப்பு போடக் கூடாது.

"அம்மா, இது பூட்ஸு. சாமி லிஸ்ட்ல செருப்புதான் கீது."

"நெருப்புல நடக்கப் போற காலுடா. இதுல நடக்காதா?"

வெறுங்காலோட ஐஸுல நடந்துச்சி. கூட வந்தவங்கல்லாம் போன எடுத்துட்டாங்க. ஐஸ் கரடிகிட்ட நின்னு அதத் தொட்டுப் பாத்துச்சி. "உள்ள ஆளு கீறானா?"ன்னு கேட்டுச்சி. "இல்லம்மா, தெர்மாகோலு." "பாவம், உள்ள ஆளு இருந்தா வெறைச்சிப் போயிருப்பான்"ன்னுச்சி. நல்லாத்தான் பேசிக்கினு வந்துச்சி. எனக்கும் தெம்பு வந்துடுச்சி. என் மூளைய எடுத்து வுட்டேன்.

"இத பாரு. வண்டிதான் நானுன்னுதான காப்பு கட்டுன? வண்டி இப்ப எங்க கீது?"

"வூட்ல."

"நேத்து ராத்திரி எங்க படுத்துச்சி?"

"வூட்ல."

"அப்ப நான் வூட்லதான் படுத்தேன். கணக்கு சரியாப் போச்சா? டப்பாவத் தொற."

எங்கம்மா சிரிச்சிடுச்சி. குல்லாவோட சிரிச்சிச்சி. "இந்தக் கணக்க பத்தாவதுல போட்டிருந்தன்னா"ன்னு ஆரம்பிச்சிது. முடிக்கல. சிரிச்ச வாயி அப்படியே கோணிச்சி, கையி நடுங்க ஆரம்பிச்சிது. குளுருன்னு நெனச்சேன். கையப் புடிச்சா தொப்பலா வேர்வ. அந்த ஐஸுக்குள்ள வேர்வ.

தூக்கிக்கினு வெளிய வந்து பிளாஸ்டிக் சேர்ல குந்த வெச்சேன். சூப்பர்வைசரு சர்க்கரையப் போட்டு தண்ணி கலக்கிக்கினு ஓடியாந்தாரு. எங்கம்மா மொகத்தத் திருப்பிக்கிச்சி. நான் எம்மா எம்மான்னு கத்துறேன். அப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "குடிம்மா. வூட்டுக்கு வரேன்." என் மூஞ்சப் பாத்துச்சி. வெளையாட்டா நெசமான்னு பாத்துச்சி. அப்புறம் குடிச்சிது.

சூப்பர்வைசரு என்னத் தள்ளிக்கினு போனாரு. கெட்டவரு இல்ல, ஆனா வெளிய கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது. "கொண்டு போய் விட்டுட்டு நாளைக்கி வந்துருவியா?"

"வருவேன். ஆனா இனிமே ராத்திரி தங்க முடியாதுண்ணே. ஒம்போது மணிக்கி மேல வரைக்கும் எங்கம்மா பசி தாங்காது, ஆறு மணிக்கே கெளம்பணும்."

"ஆறு மணிக்கி மேலதான் தம்பி கூட்டமே. வேற ஆளத்தான் பாக்கணும்."

"தெரியுதுண்ணே"ன்னேன். என் பைய எடுக்கப் பின்னாடி போனேன். திரும்பி வந்து பாத்தா எங்கம்மாவும் அவரும் இன்னாமோ பேசிக்கினு இருந்தாங்க. அவரு தலைய ஆட்டிக்கினு நின்னாரு. ஜாக்கெட்ட மடிச்சி வெச்சிட்டு நன்றிப்பான்னு சொல்லிட்டு எழுந்துச்சி எங்கம்மா.

பஸ்ஸுல எனக்கு உக்காரவே முடியல. கண்டமங்கலத்துல ரயில்வே கேட்டு போட்டுட்டான். வளவனூர்ல டிரைவரு எறங்கி சோடா குடிச்சான். "ஜல்தி எடுண்ணே"ன்னு கத்துனேன், "நீ ஓட்டுறியா?"ன்னான். ஓட்டியிருப்பேன். எங்கம்மா ஜன்னலோரமா தலைய சாச்சிக்கினு வந்துச்சி. நான் நிமிஷத்துக்கு ஒரு தபா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். "சாவலடா, வுடு"ன்னுச்சி.

விக்கிரவாண்டியில ஷேர் ஆட்டோ. ஊரு எல்லையில வேப்பந்தழ கட்டியிருந்த கவுத்தத் தாண்டுனதும், "நிறுத்துப்பா"ன்னு எறங்கி, அங்கியே மதகுமேல குந்தி டப்பாவத் தொறந்துச்சி. தயிர் சோறு, மாங்கா. ஆட்டோ போயிடுச்சி. மத்தியான வெயிலு. எங்கம்மா கண்ண மூடிக்கினு மொத வாய முழுங்குச்சி.

அது முழுங்கற வரைக்கும்தான் பயம் இருந்துச்சி எனக்கு. முழுங்குனதும் கோவம் வந்துடுச்சி.

"உனக்கு இன்னா தெரியும்? தீமிதிக்கு ரெண்டு நாளு முன்னாடியே கொட்டாயப் பிரிச்சிடுவாங்க. அவ்ளோதான். எல்லாம் போச்சி."

"தெரியும். உங்க சேலத்துக்காரரு சொன்னாரு."

"தெரிஞ்சிக்கினேதான் இட்டுக்கினு வந்தியா?"

"ஆமா"ன்னுச்சி. இன்னொரு வாய் அள்ளுச்சி. மென்னுக்கினே, எங்கியோ பாத்துக்கினு சொல்லிச்சி, "ரெண்டே நாளு தள்ளிப் பிரிங்கப்பான்னு கேட்டேன். எம்புள்ள எங்க வேணாலும் வரட்டும், ரெண்டு நாளு மட்டும் பொறுங்கன்னேன். லாரிக்கெல்லாம் சொல்லியாச்சின்னுட்டாரு."

"நீயும் ரெண்டு வாய் தின்னு"ன்னு டப்பாவ நீட்டிச்சி. வேணாம்னுட்டேன். கோவம் போவல, இப்பக்கூட முழுசா போவல. ஆனா அங்கேர்ந்து நகரவும் இல்ல. எங்கம்மா சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் சூரியனுக்கு முதுகக் காட்டிக்கினு, என் நெழலு அதும்மேல வுழுவுற மாதிரி நின்னுக்கினு இருந்தேன்.