பப்பாசி மரத்தில் பதிவில்லாதவர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பப்பாசி மரம் நின்றது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், மேல்தளத்தில் நாங்கள். மரம் அவருடையது, ஆனால் அதன் தலை எங்கள் பின்னறை யன்னலுக்கு நேரே இருந்ததால் பாதி உரிமை எனக்கும் உண்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, உரிமைகளில் மிகுந்த அக்கறை.

அந்த ஆண்டு மரத்துக்கு ஏதோ வந்தது. முதலில் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு தூள். ஒழுங்கையில் மூன்று இடத்தில் மாடி கட்டிக்கொண்டிருந்ததால் சீமெந்துத் தூசி என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்வார், பிறகு அதை மாற்றமாட்டார். தூள் பஞ்சாகி, பஞ்சு காய்களையும் மூடி, அம்மா சாமிக்குப் பூப் பறிக்கிற செவ்வரத்தை வரைக்கும் பரவிய பிறகும் அது சீமெந்துதான்.

அது சீமெந்தல்ல, பூச்சி என்று கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. அவருக்குக் கண்டுபிடிக்க நேரம் இருந்தது, ஏனென்றால் அவர் பின்னறையை விட்டு வெளியே போவதில்லை.

அது யுத்தத்தின் கடைசிக் காலம். வடக்கிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும், ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய் என்பதற்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும். விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமாவின் பதிவு முடிந்துபோயிருந்தது, விசா வந்தபாடில்லை. பதிவைப் புதுப்பிக்கப் போன சிலரைத் திருப்பி அனுப்பியதாகவும், சிலரை அப்படியே உள்ளே போட்டதாகவும் கதை அடிபட்டது. இருபத்திரண்டு வயதுப் பெடியனை யார் நம்பி அனுப்புவார்கள்? ஆகவே மாமா முன் பல்கனிக்கு வரக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. யாராவது கேட்டால் வீட்டில் மூன்று பேர் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு இது ஒரு விளையாட்டு, அதுவும் நல்ல விளையாட்டு. அம்மா கோயிலில் நேர்த்தி வைத்ததையும், ஒழுங்கைக்குள் வாகனம் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றதையும் நான் அந்த விளையாட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மாமாவும் நானும் யன்னலில் நின்று பூச்சிகளைப் பார்ப்போம். அரிசி மணியைவிடச் சிறியவை, மாவில் புரட்டி எடுத்த மாதிரி உடம்பு, நசித்தால் மஞ்சள் நீர். ஊரில் தோட்டம் செய்கிற வீட்டில் வளர்ந்த மாமா இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார்.

"இது எங்கட ஆள் இல்லை. எங்கயோ தூரத்தில இருந்து வந்திருக்கு. என்னைப் போலத்தான், பதிவும் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து பூச்சிகளுக்குப் பதிவில்லாத ஆக்கள் என்று பெயர் வைத்தோம்.

மரம் வாடத் தொடங்கியதும் வீட்டுக்காரருக்குத்தான் தாங்க முடியவில்லை. அவர் ஒரு சிங்கள முதியவர், பென்சன் எடுத்தவர். எங்கெங்கோ போன் பண்ணி, கடைசியில் விவசாயத் திணைக்களத்தில் யாரையோ பிடித்திருக்கிறார். சனிக்கிழமை வருகிறோம், மரத்தின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்ல, மேல்வீட்டு ஆட்கள் கதவைத் திறப்பார்கள் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த மேல்வீட்டு ஆட்களுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டு, சனிக்கிழமை காலையில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குப் போய்விட்டார்.

ஜீப் வந்து நின்றது. அம்மா அடுப்பை அணைத்தார். படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது. அப்பா மாமாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து முன்கதவைத் திறந்தார். நடுவயது மனிதர் ஒருவரும் ஒரு பெண்ணும் நின்றார்கள். சீருடை இல்லை. ஆனால் அந்த நாட்களில் சீருடை இல்லாதவர்களுக்குத்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாகப் பயப்பட்டார்கள்.

அந்த மனிதர் மரியாதையாகச் சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார்: "அலுதென் ஆபு எகெக் இன்னவா கிவ்வா."

புதிதாக வந்த ஒன்று இங்கே இருக்கிறதாமே என்பது அதன் பொருள். சிங்களத்தில் விலங்குக்கும் பூச்சிக்கும்தான் 'எகெக்' சொல்வது. ஆனால் ஒருவரை மனிதராக மதிக்காதபோதும் அந்தச் சொல்தான் விழும். சோதனைச் சாவடிகளில் அப்பா அதைப் போதுமான அளவு கேட்டிருந்தார். அவருக்குப் பூச்சி நினைவுக்கே வரவில்லை.

அப்பா ஒரு நொடியில் உடைந்துபோனார். எதையும் மாற்றாத அப்பா, நாங்கள் வாரக்கணக்காகப் பாடமாக்கிய மூன்று பேர் கதையைக் கைவிட்டுவிட்டு, சிங்களத்தில் கொட்டத் தொடங்கினார். மனைவியின் தம்பி, நல்ல பிள்ளை, ஒரு சோலிக்கும் போகாதவன், பதிவு முடிந்தது உண்மைதான், விசா வந்த அடுத்த நாளே போய்விடுவான், கூட்டிக்கொண்டு போவதென்றால் என்னையும் கொண்டு போங்கள். நான் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதில்லை.

வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: "ஐயோ மாத்தயா, அபி ஆவே பெபொல் கஹ பலன்ன."

நாங்கள் வந்தது பப்பாசி மரத்தைப் பார்க்க.

அப்பா பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டார். அம்மா குசினி வாசலில் நின்றபடியே அழவும் சிரிக்கவும் தொடங்கினார். பப்பாசி மரத்துக்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம்.

பின்னறைக் கதவைத் திறந்தால் மாமா சப்பாத்துப் போட்டு, தலை வாரி இழுத்து, பையைக் கையில் பிடித்தபடி புறப்படத் தயாராக நின்றார். அந்த மனிதர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு பையைக் கட்டிலில் வைக்கச் சொல்லிக் கை காட்டி, யன்னலுக்கு வெளியே எட்டி இலைக் காம்பு ஒன்றை வளைத்து மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதைப் பிடிக்க, பெண் சிறு தூரிகையால் பூச்சிகளைத் தட்டிப் போத்தலில் விட்டார். பூச்சி அமெரிக்கப் பக்கத்தது போல இருக்கிறது, இந்த நாட்டில் முன்பு யாரும் கண்டதாகத் தெரியவில்லை என்றார்கள். ஒருவேளை இதுதான் முதல் பதிவாகவும் இருக்கலாம்.

மாமாவுக்குச் சிங்களம் ஓடாது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"இஞ்ச வந்து எவ்வளவு காலமெண்டு கேக்கினம், மாமா."

"ரெண்டு மாசம் முடியுது" என்றார் மாமா, முகம் வெளிறிப்போய்.

நான் சொன்னேன், அந்த மனிதர் எழுதிக்கொண்டார். தான் தன்னைப் பற்றித்தான் சொன்னதாக மாமா பிறகு சொல்லி, வயிறு நோகச் சிரித்தார். அன்றைக்கு அவர் சத்தமாகச் சிரிப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பூச்சி நாட்டுக்கு வந்த காலமாக மாமா கொழும்புக்கு வந்த காலம் எங்கேயாவது பதிவாகி இருக்கக்கூடும்.

அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அவர்கள் குடித்து முடித்து எழும்பும்போதுதான் எனக்கு நியாய உணர்ச்சி பொங்கியது. பூச்சியை முதலில் கண்டது மாமா, அவருடைய பெயரையும் எழுத வேண்டாமா? நல்ல பள்ளிக்கூடச் சிங்களத்தில் அதைச் சொல்லி, மாமாவின் முழுப்பெயரையும், ஊரையும், எந்த ஒழுங்கை என்பதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதுகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெயரை இரண்டு முறை சொன்னேன். அம்மாவின் கை என் தோளில் வந்து இறுகியது. நோவு தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

அந்த மனிதர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"துவே, அபி லியன்னே கஹ கென விதரய்" என்றார். மகளே, நாங்கள் எழுதுவது மரத்தைப் பற்றி மட்டும்தான்.

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா அவர்களோடு ஜீப் வரைக்கும் இறங்கிப் போய், அது பெரிய தெருவான காலி வீதியில் திரும்பிய பிறகும் வெகுநேரம் வாசல் படலையைப் பிடித்தபடி நின்றார்.

மேலே அம்மா மாமாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மத்தியானம் பாயசம் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அன்று எங்கள் வீட்டில் அந்த மனிதர் மேல் கோபமாக இருந்தது நான் ஒருத்திதான்.