ஆறாம் நம்பர் பூட்ஸ்

கையில் இருந்த கவரை அன்றைக்கு ஏன் கொடுத்துவிட்டு வந்தேன்? இருபத்துமூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோணிப்பையை அவிழ்த்ததும் முதலில் வருவது தேங்காய் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் பழைய தோல், காய்ந்த வியர்வை, இரண்டு பாச்சை உருண்டை... எங்கள் கல்லூரிப் பெண்கள் ஃபுட்பால் டீமின் மொத்தச் சொத்தும் அந்தப் பைக்குள்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிகக் கணித விரிவுரையாளர். பெண்கள் டீமுக்கு ஒரு பெண் ஆசிரியர் பொறுப்பில் இருக்க வேண்டும். மற்றவர்கள் நழுவிவிட்டார்கள்; புதியவள் நான் மாட்டிக்கொண்டேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூடத் தெரியாது.

டீமில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்துப் போகிறவர்கள் கடைசி நாளில் பூட்ஸைக் கழுவி, எண்ணெய் தடவி, பையில் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான். புது பூட்ஸ் வாங்க பிரின்சிபால் கையெழுத்து வேண்டும்.

அந்த வருடம் ஐந்து பேர் போனார்கள். பின்வரிசையில் ஆளே இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பதினெட்டுப் பெயர் கொண்ட பட்டியல் அனுப்ப வேண்டும். பெயர் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஃபீஸ் கிடையாது. இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு ப்ளஸ் டூவோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் வைத்தோம். ஏரி வற்றிய பக்கம்தான் மைதானம். கல்லூரி கிரவுண்டைவிட அகலம். செருப்புகளைக் குவித்து கோல் போஸ்ட். எல்லோரும் வெறுங்கால். வெடித்த மண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது...

காவாந்தண்டலத்திலிருந்து வந்த கலைவாணிக்கு மட்டும் தெரிந்தது. பந்து எகிறும் முன்பே அவள் அங்கே இருந்தாள். ஒல்லியாக, ஐந்தடிக்கும் குறைவாக.

"இன்னாம்மா இது, பந்து உங்கிட்ட சொல்லிட்டு வருதா?" என்றார் பி.டி. சார்.

"மண்ணப் பாத்தா தெரியும் சார். எங்க வூட்டாண்ட ஆத்துல இத்தோட மோசமா கீது."

நான்கு பெயர் சுலபமாக முடிவாகிவிட்டது. ஐந்தாவது இடத்துக்குக் கலைவாணி, அஞ்சலை என்று இருவர். அஞ்சலை உயரமான பெண், நன்றாகவே ஆடினாள். ஆனால் கலைவாணி வேறு மாதிரி. எனக்கே அது புரிந்தது.

பிறகு பையைக் கொட்டினோம். மற்ற நால்வரும் எடுத்தது போக மிச்சம் இருந்தது ஒரே ஜோடி, ஆறாம் நம்பர். அஞ்சலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கலைவாணியின் கால் மூன்றாம் நம்பர்.

"குருவிக்காலுடி உனுக்கு," என்றாள் அஞ்சலை.

கலைவாணி விடவில்லை. துப்பட்டாவைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு ஓடிப்போய் ஓங்கி உதைத்தாள். பந்தைத் தாண்டி பூட்ஸ் பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

"வெறுங்காலோடவே ஆடறேன் சார். எனுக்கு அதான் பழக்கம்."

"ரெஃப்ரி உள்ளயே வுடமாட்டாரும்மா."

நான் தயங்கித்தான் சொன்னேன். "சார், அவ பேரை எழுதிட்டு அப்புறம் பூட்ஸ் வாங்கலாமே?"

"பிரின்சிபால் வியாழக்கிழமதான் வராரு. லிஸ்ட்டுக்கு நாளைக்கு கடைசி நாளு. எழுதிட்டு அவரு முடியாதுன்னுட்டா? போன வருசம் அப்டிதான் ஒரு பொண்ணு சீசன் பூரா சும்மாவே குந்திக்கினு இருந்துச்சி. அந்த பேஜாரு இன்னொரு தபா வாணாம் மேடம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கார்பன் வைத்து என் கையெழுத்திலேயே பதினெட்டாவதாக அஞ்சலையின் பெயரை எழுதினேன். கலைவாணி பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்று போனாள். அடுத்த மாதம் கம்பெனி வேன் ஏறினாள் என்று கேள்விப்பட்டேன்.

அஞ்சலை மூன்று வருடமும் ஒழுங்காக ஆடினாள். இன்று ஒரு பள்ளியில் வேலை. அவளை ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்போது அதே கல்லூரியில் செலக்‌ஷன் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று குரூப்பில் பட்டியல் ஓடுகிறது. பெண்கள் வீடியோ அனுப்புகிறார்கள். படிவத்திலேயே கால் அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் புது ரப்பர் வாசனை. நல்லதுதான். அந்தக் கோணிப்பை திரும்பி வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறவளும் இல்லை. வீடியோ எடுக்க ஆள் இல்லாத பெண் எந்தக் கட்டத்தில் வருவாள்?

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கையைப் பிடித்தாள்.

"நீங்க பூட்ஸ் மேடம்தானே?"

கலைவாணி. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"எம் பொண்ணாண்ட சொல்லிக்கினே இருப்பேன் மேடம். அந்த பூட்ஸு மட்டும் காலுக்கு சேந்திருந்தா நானும் டிகிரிதாண்டின்னு. போம்மா, டூப் வுடாதன்றா!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சொல்லாமல் விட்டது இதுதான்.

பட்டியல் எழுதிய மறுநாள், திங்கட்கிழமை. செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து ரயில். பதினோரு மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கவரை நீட்டினேன். கிளார்க் வாங்கவில்லை.

"கடைசித் தேதிய அடுத்த திங்களுக்குத் தள்ளி வச்சிட்டாங்க மேடம். போர்டுல ஒட்டியிருக்கு பாருங்க. பேர் ஏதாவது மாத்தணும்னா எடுத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. பிரின்சிபால் வியாழக்கிழமை வந்துவிடுவார்.

திரும்பி வந்து, "பரவாயில்ல சார், இதையே வச்சுக்குங்க," என்றேன்.

அவர் சீல் குத்தினார். இரண்டு மணி ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பி.டி. சாரிடம், "குடுத்துட்டேன் சார்," என்று மட்டும் சொன்னேன்.