நீலம் ஏறிய கத்தி

அந்தத் தெருவில் கத்திக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கத்திக்காரர் வீட்டம்மா என்றால் அவருக்குச் சமைத்துப் போடுகிறவள் என்றுதான் நினைப்பார்கள். ஊர் நினைப்பு பாதி இப்படித்தான்.

அந்தப் பட்டறையில் உலையும் கிடையாது, சம்மட்டியும் கிடையாது. எஃகுப் பட்டையில் அவர் கத்தி உருவை வரைந்து அறுப்பார். வெளியே சூளையில் கொடுத்துச் சூடேற்றி இறுக்கி வாங்கி வருவார். அத்தோடு அவர் வேலை தீர்ந்தது. அந்தத் தகட்டைக் கத்தியாக்குவதெல்லாம் பின்னறையில், ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்டில், அவள் கை. இருபது வருஷமாக வெறுங்கையால்தான் தேய்க்கிறாள். தகடு சுட்டால் விரல் முதலில் சொல்லிவிடும். உடனே பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கிவிடலாம். கொஞ்சம் அசந்தால் விளிம்பில் நீலம் ஏறும். நீலம் ஏறின இடம் செத்த இடம்; எஃகு இளகிப்போய் அங்கே கூர் நிற்காது. மினுக்கினால் நிறம் போகும், செத்தது பிழைக்காது. அப்படி ஒன்று ஆகிவிட்டால் யோசிக்காமல் பழைய இரும்பு போடுகிற பெட்டியில் வீசிவிடுவாள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழத்துப்போய், வங்கியில் கைரேகை மெஷின்கூட அவளை ஓர் ஆளாக ஒப்புக்கொள்ளவில்லை.

கத்தியில் அமிலம் வைத்துப் பொறிப்பது மட்டும் அவர் பேர்.

"ஒரே ஒரு கத்தியிலயாவது என் பேரைப் போடுங்களேன்" என்று அவள் கேட்காத வருஷமில்லை.

"பேரா வெட்டப் போகுது?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

ஓர் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் வந்து பன்னிரண்டு கத்திக்குப் பேசினார். முதலில் மாதிரிக்கு ஒன்று கேட்டார். இந்தத் தடவை அவள் கணவரை விடவில்லை. "இதுல என் பேர் இல்லன்னா நான் பெல்ட்டைத் தொட மாட்டேங்க."

அவள் தேய்த்து முடித்ததும் அவள் பேரையே பொறித்தார். அவள் அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வெட்கமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போய் வந்தாள். திரும்பி வந்தபோது கத்தி ஓட்டலுக்குப் போயிருந்தது.

ஒரு வாரத்தில் சமையல்காரர் அதே கத்தியோடு வந்து நின்றார். "நாலு நாள் தாங்கலண்ணே. நுனிப் பக்கம் வாய் மடங்குது."

அவள் வாங்கி நகத்தை வைத்து இழுத்தாள். கட்டைவிரல் நீளத்துக்கு விளிம்பு ஈயமாய் இளகியிருந்தது. அங்கே மட்டும் மினுக்கும் புதிது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கணவர் எப்போதோ வாங்கி மாட்டி, யாரும் தொடாத தோல் கையுறை, இப்போது உள்ளங்கை கறுத்துத் தொங்கியது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கணவரின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிவிடுவார் என்றே நம்பினாள்.

"அது இவ தேய்ச்சதுங்க," என்றார் அவர். "பேரைப் பாருங்க. ஆசைப்பட்டாளேன்னு விட்டேன். இதை எடுத்துட்டுப் போங்க." அலமாரியிலிருந்து தன் பேர் போட்ட கத்தி ஒன்றை நீட்டினார். அதுவும் அவள் தேய்த்ததுதான்.

சமையல்காரர் ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்தார். "இது கத்தி. இதே மாதிரி பன்னிரண்டும் குடுத்துடுங்க." வாசலில் நின்று அவளிடம் அன்பாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்கக்கா. கொஞ்ச நாள் அண்ணன்கிட்டயே நல்லா கத்துக்குங்க."

சமையல்காரர் தெருமுனை தாண்டும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு கேட்டாள், "ஏங்க சொல்லல?"

"கொஞ்சம் கனமா தெரிஞ்சுது, நீ இல்லாதப்ப பெல்ட்டுல லேசா ஒரு இழுப்பு இழுத்தேன். சுட்டுடுச்சு. அதைச் சொன்னா என் பேர் என்ன ஆகும்? உன் பேரு யாருக்குத் தெரியும், கெட்டா கெட்டுட்டுப் போகுது."

சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். அவளுக்கு அழுகை வரவில்லை.

ஓட்டலுக்கான பன்னிரண்டு தகடுகளும் மேஜையில் இருந்தன. கையுறையை எடுத்து, இருபது வருஷத்தில் முதல்முறையாக மாட்டிக்கொண்டாள். வாளித் தண்ணீரை வெளியே கொட்டினாள். முதல் தகட்டைப் பெல்ட்டில் வைத்து, விளிம்பு முழுக்க நீலம் ஏறும்வரை அழுத்தினாள். கை எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டையும் அப்படியே முடித்து, நீலம் தெரியாமல் மினுக்கித் துடைத்து, அவர் பேர் பொறிப்பதற்காக வரிசையாக அடுக்கிவைத்தாள்.