டியூனாவுக்குள் என் கல்யாண மோதிரம்

என் மனைவி உண்டாகி மூன்றாம் மாதம். கழக்கூட்டத்து வாடகை வீட்டில் அடுப்பு மூட்டவே பயமாக இருந்தது. தாளித்தால் குமட்டல், சோறு கொதித்தால் குமட்டல், ஆபீஸிலிருந்து வந்து நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் குமட்டல். அப்போதுதான் ஒரு சாயங்காலம், வேறெதுவும் தோன்றாமல், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டியூனா டின் வாங்கினேன். எண்ணெயில் ஊறிய மீன். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ரொட்டித் துண்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் தின்றாள். இரண்டு பேரும் குளியலறைக் கதவைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

"நிக்குது!" என்றாள்.

பரீட்சையில் பாஸானவர்கள் மாதிரி இருவரும் குதித்தோம். நடுவில் ஞாபகம் வந்து, "நீ குதிக்காதே" என்றேன்.

அதன்பிறகு தினமும் டியூனாதான். அவள் முகத்தில் ரத்தம் ஊறியது, ஜோக்கெல்லாம் திரும்பி வந்தது. நான்தான் கெடுத்தேன். ஆபீஸ் இன்டர்நெட்டில், டியூனாவில் பாதரசம் உண்டு, கர்ப்பிணிகள் கவனம் என்று ஒரு பக்கத்தைப் படித்துவிட்டேன். முழுக்கப் படிக்கப் பொறுமையில்லை. வீட்டுக்கு ஓடிவந்து மிச்ச டின்களைப் பரண்மேல் ஏற்றினேன்.

"வயித்துல நிக்கிறது இது ஒண்ணுதான். இதையும் புடுங்கிட்டு நான் காத்தையா குடிக்க?" என்று அழுதாள்.

மறுநாள் ஆபீஸ் லீவு. அந்த நேரம் பார்த்துக் காலையிலேயே ஊரிலிருந்து அம்மா வந்து இறங்கினாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையோ கல்யாணப் பத்திரிகையோ, எழுத்து என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பாதரசத்தையும் அம்மா உடனே நம்பினாள். கொஞ்சம் அதிகமாகவே நம்பினாள்.

"மீனுக்குள்ள பாதரசமா? அப்பம் பாத்துரலாம். ஒன் மோதிரத்தக் கழத்திக் குடுலே."

எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது கம்பவுண்டரின் தெர்மாமீட்டரை நான் கடித்து உடைத்தேனாம். சிதறிய பாதரசத்தைக் கையால் கூட்டி அள்ளிய அம்மாவின் தங்க மோதிரம் வெள்ளி மாதிரி வெளுத்துப்போனது. அம்மாவுக்குப் பாதரசம் என்றால் அதுதான்.

"அம்மா, இது கண்ணுக்குத் தெரியுத பாதரசம் இல்ல. ரொம்பக் கொஞ்சம், மீன் சதையோட கலந்து கெடக்கும். தங்கத்துல ஒட்டாது."

"ஒட்டாதுன்னா கழத்த என்ன பயம்?"

கட்டிலில் கிடந்தவள் எழுந்து வந்தாள். "மஞ்சளாவே இருந்தா டின்னு எனக்கு. சரிதானே மாமி?"

"சரிதான் மோளே."

மாமனார் போட்ட மோதிரம் ஒரு கிண்ணத்தில் டியூனாவுக்குள் புதைந்தது. கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவன் நான். இது அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்ப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன்.

"தண்ணி குடிச்சே வயிறு வெடிக்கப்போவுது உங்களுக்கு" என்றாள் என் மனைவி.

மத்தியானம் எடுத்தோம். எண்ணெய் பட்ட மோதிரம் கல்யாணத்தன்றுகூட அப்படி மின்னியதில்லை. மாமியும் மருமகளும் கைதட்டினார்கள். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, டாக்டரைக் கேட்கும்வரை டின் கிடையாது என்று அடம்பிடித்தேன்.

"படிச்சவன் தோத்தா இப்பிடித்தான் பேசுவான்" என்றாள் அம்மா. வாசலில் மீன்காரி வந்ததும் அவளே போய்ப் பால்சுறா வாங்கி மஞ்சள் புரட்டி வைத்தாள். "டின்ன விடு மோளே. ராத்திரி சுறாப்புட்டு. வயித்துப்பிள்ளைக்காரிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

சாயங்காலம் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். மோதிரக் கதையை நான் மறைக்க, என் மனைவி ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா சிரித்தபடியே டின்னைத் திருப்பிப் படித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இது சின்ன ஜாதி. ஆழ்ச்சயில ஒண்ணோ ரெண்டோ தடவ, கொறச்சு கழிச்சோளு. தெவசமும் வேண்டா. வலிய மீனுதான் கொழப்பம். ஸ்ராவு தொடவே கூடாது, கேட்டோ."

டின் மீன் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்சமாகத் தின்னலாம், பெரிய மீன்தான் ஆகாது. ஸ்ராவு என்றால் எங்கள் சுறாதான். வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு கிடக்கிற அதே சுறா.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். "சுறாவா? இவன வயித்துல வச்சிட்டு நான் தின்ன சுறாவுக்குக் கணக்கே கெடயாதே டாக்டரே!"

என் மனைவி என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்பம் எல்லாம் புரியுது மாமி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு உள்ளே சிரிப்பு. ஆட்டோவிலும் அடங்கவில்லை, அதிகம் சிரித்தது அம்மாதான். என் மனைவி என் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மோதிரத்தில் இன்னும் டியூனா மணம்.

"இந்தக் கை மட்டும் கொமட்டல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி ஒரு டின் இறக்கினேன். பால்கனியில் காற்றுக்கு உட்கார்ந்து அவள் தின்றாள். அம்மாவும் ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டாள்.

"இது நம்ம சூரை மீனுல்லா! இதயா டப்பாவுல அடச்சு விக்கான்?"

அப்புறம் என் மனைவிக்கு மணம் எட்டாமல் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே எனக்கும் தனக்குமாகச் சுறாப்புட்டு கிளறினாள். நான் தயங்கியபடி தட்டைப் பார்த்தேன்.

"தின்னுலே. நமக்கு இனி கெட்டுப்போவ என்ன இருக்கு?"