மேலே பத்து, கீழே ஒன்று

பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியவள் நான். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்த பிறகு அந்த மார்க்கை யாரிடமும் சொல்லிக்கொள்ள வாய்க்கவில்லை. காய்கறிக்காரரிடம் இந்தியில் பேசவே நாக்கு தடுக்கும். அதனால் மகள் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கைக் கொண்டுவந்தபோது எனக்கு உள்ளூரக் குஷி. இதையாவது நான் சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளியில் ஐஸ்க்ரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதில் இருபத்தேழைக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது, ஒரு கட்டைப் பிரி. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. மிச்சமிருக்கும் நாலு கட்டில் இரண்டு போக இரண்டு. இதற்கு அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"குச்சியெல்லாம் தூர வை. அம்மா ஒரு நிமிஷத்துல சொல்லித் தரேன்."

தஞ்சாவூர்ப் பக்கத்தில் நான் படித்த வழி வேறு. மேலே இரண்டைப் பன்னிரண்டாக்கு. அதற்குப் பதிலாகக் கீழே பத்தின் இடத்திலுள்ள இரண்டோடு ஒன்றைக் கூட்டி மூன்றாக்கு. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, ஐந்தில் மூன்று போக இரண்டு. அதே இருபத்தைந்து.

"கீழே ஏம்மா ஒண்ணு கூட்டணும்?"

"அப்படித்தான். கேள்வி கேக்காமப் போடு."

நானும் கேட்காமல் போட்டவள்தான். கேட்டிருந்தால் எங்கள் வாத்தியார் முட்டியைப் பெயர்த்திருப்பார்.

அடுத்த மாதம் டெஸ்ட் நோட்டில் எல்லாக் கழித்தலும் தப்பு. வீட்டில் உட்கார வைத்து நாற்பது கணக்கு போடச் சொன்னேன். அதுவும் தப்பு. கவனமில்லை என்று தொடையில் கிள்ளினேன். இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போனேன். "கர் மே கோன் படாத்தா ஹை?" என்று டீச்சர் கேட்டார். வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கிறார். நான்தான் என்று பெருமையாகத் தலையாட்டினேன். அவர் நோட்டைத் திறந்து, அதே ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்கும் கணக்கின் மேல் பென்சிலை வைத்தார். மேலே ஐந்தை அடித்து நாலாக்கியிருந்தாள், டீச்சர் சொன்னபடி. கீழே இரண்டுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒன்று போட்டு மூன்றாக்கியிருந்தாள், நான் சொன்னபடி. நாலில் மூன்று போக ஒன்று. விடை பதினைந்து. நோட்டு முழுக்க ஒவ்வொரு விடையும் சரியாகப் பத்து குறைந்திருந்தது. இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல் கேட்டிருக்கிறாள் குழந்தை.

கொஞ்ச நாளைக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம் என்றார் டீச்சர், மரியாதையாகத்தான். வீட்டுக்கு வந்து, "அம்மா சொன்னதை மறந்துடு" என்றேன். சரி என்றாள். மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் குச்சிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சரின் வழி பிரித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என் வழியைத்தான் குச்சியில் காட்ட முடியவில்லை. அந்தக் கீழ் ஒன்று எங்கிருந்து வருகிறது? தொண்ணூற்றேழு மார்க் வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வுத் தாள் வந்தது. கழித்தல் கணக்குகளில் விடை எழுதும் இடமெல்லாம் காலி. கீழ் வரிசையில் மட்டும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்திருந்தது.

"ஏன் கண்ணு எழுதலை?"

"கை தானா ஒண்ணு போட்டுடுதும்மா. அழிச்சேன். அழிச்சப்புறம் மிஸ் சொன்னதும் ஞாபகம் வரலை."

அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? அப்புறம் கழித்தல் எப்படியோ வந்துவிட்டது. ஆனால் கணக்கு நோட்டைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்ப்பது அவளை விட்டுப் போகவில்லை.

அவளுடைய பதினாறாவது பிறந்தநாளன்று அடுப்பில் பாயசத்தைக் கிளறிக்கொண்டே எங்கள் வயதைக் கணக்குப் போட்டேன். எனக்கு நாற்பத்தொன்று. வித்தியாசம் இருபத்தைந்து. இன்னும் பத்து வருஷம் போனால் இருவருக்கும் பத்து கூடும், வித்தியாசம் அதே இருபத்தைந்துதான். கரண்டி நின்றுவிட்டது. மேலே பத்து கூட்டினால் கீழேயும் பத்து கூட்ட வேண்டும். பத்தின் இடத்தில் அந்தப் பத்துதான் ஒன்று. இவ்வளவுதானா?

கூடத்துக்கு ஓடினேன். பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துப் பொறுமையாகக் கேட்டாள்.

"அச்சா" என்றாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

படிவத்தில் கணக்குக்கு எதிரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. அவள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.