கிரீட் என்றால் அழுவது

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டில் சும்மா இருக்கவும் ஏலவில்லை. லண்டனில் நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு பழைய கட்டடம். அதன் நிலக்கீழ் அறையில் நூறு வருடத்துக்கு முந்திய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் அங்கே தொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன்.

தட்டுகளை ஏற்கனவே கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தார்கள். பாட்டின் சொற்களையும் கொம்பியூட்டரே கேட்டு எழுதி வைத்திருந்தது. ஆனால் அந்தத் தட்டுகள் பதிவான காலத்தில் மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய தகரக் குழாய்க்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறார். அதற்கு மேல் அப்பளம் பொரிவது போல ஓர் இரைச்சல். கொம்பியூட்டர் எழுதியதைப் படித்தால் காய்ச்சல்காரன் பிதற்றியது போலிருக்கும். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுத் திருத்த வேண்டும். பாட்டு எதைப் பற்றியது என்று ஒரு வரியும் எழுத வேண்டும். பிறகு இரண்டாவது ஆள் ஒருவர் கேட்டு, சரியென்று ஒப்பம் வைத்தால்தான் அது இணையத்தில் ஏறும்.

எனக்குத் தந்தது ஸ்கொட்லாந்துப் பாட்டுப் பெட்டியை. ஒருவருக்கும் விளங்காமல் மிஞ்சிக் கிடந்த பெட்டி. பொறுப்பாக இருந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும், லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கஷ்டமாக இருந்தால் 'கேட்கவில்லை' என்று எழுதிவிடுங்கள், பரவாயில்லை" என்றார்.

எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அகதியாக வந்தவுடன் என்னைக் கிளாஸ்கோவுக்குத்தான் அனுப்பினார்கள். ஒன்பதாம் மாடியில் ஓர் அறையில் நாலு வருடம் இருந்தேன். முதல் விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் வந்த அன்று, லிப்ட் வேலை செய்யாததால் கடிதத்தையும் கொண்டு படியில் ஏறி, ஆறாம் மாடியில் ஏலாமல் குந்திவிட்டேன். எதிர் வீட்டுக்காரி, என் வயதுதான் அவளுக்கும், கடைச் சாமானோடு ஏறி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டின்னா கிரீட், ஹென்" என்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீசில் கிரீட் என்றால் வணக்கம் சொல்வது, வரவேற்பது. வணக்கம் சொல்லாதே என்கிறாளா? நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு "குட் மோர்னிங்" என்றேன். பின்னேரம் நாலு மணி. அவள் முதலில் திகைத்தாள், பிறகு படி அதிரச் சிரித்தாள். அவர்கள் பாஷையில் டின்னா என்றால் வேண்டாம், கிரீட் என்றால் அழுவது, ஹென் என்றால் கண்ணே என்று சொல்லித் தந்துவிட்டு, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சொல்லை நான் எப்படி மறப்பேன்?

பெட்டியில் பன்னிரண்டாவது தட்டு ஒரு கல்யாணப் பாட்டு. ஓர் ஆண் குரல், பின்னால் நாலைந்து வயலின். பெண் வண்டியில் ஏறிப் புருஷன் வீட்டுக்குப் போகிறாள், தம்பிமார் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறார்கள், தாய் வாசலில் நின்று கிரீட் பண்ணுகிறாள். அந்த இடத்தில் பாடகர் குரலைத் தணிக்கிறார். கத்திக் கத்திப் பாட வேண்டிய அந்தக் குழாய்க்கு முன்னாலும் தணிக்கிறார். நான் சுருக்கத்தில் எழுதினேன்: 'மகள் கல்யாணமாகிப் போகிறாள், தாய் வாசலில் நின்று அழுகிறாள்.'

அடுத்த செவ்வாய் போய்ப் பார்த்தபோது அது மாறியிருந்தது. 'தாய் வாசலில் நின்று கல்யாண வீட்டாரை வரவேற்கிறாள். மகிழ்ச்சியான பாட்டு.'

பொறுப்பாளரிடம் போனேன். "இதை ஆர் மாற்றினது?"

"நான்தான். உங்கள் வேலை மிகவும் உதவியாக இருக்கிறது. ஆனால் இங்கிலீசில் கிரீட் என்றால் வரவேற்பது, தெரியுமல்லவா?"

"ஓம், தெரியும். இது ஸ்கொட்லாந்துப் பேச்சு. அங்கே அழுவது."

"பாடியவர் லண்டன்காரராகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இங்கேயும் இப்படிப் பாட்டுகள் பாடித் தட்டுப் போட்டார்கள். இரண்டாவது ஆளும் கேட்டு ஒப்பம் வைத்துவிட்டார்."

இரண்டாவது ஆள் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், வெள்ளைக்காரர், அடுத்த மேசைக்காரர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ்... ஒரு... குழப்பமான... பாஷை" என்றார். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, எனக்கு விளங்க வேண்டுமாம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். ஒரு நாளைக்கு முந்நூறு பிள்ளைகளோடு இங்கிலீசில் சத்தம் போட்டவள் நான். வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில், பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்த என் மனுசனிடம் சொன்னேன்.

"உமக்கேன் இந்த வேலையில்லாத வேலை? வரவேற்றால் என்ன, அழுதால் என்ன? பாடினவனும் செத்துப்போனான், தாயும் செத்துப்போனாள்."

"உங்கட பஸ்ஸில வேற ஊர்ப் பேரைப் போட்டு ஓடச் சொன்னால் ஓடுவியளோ?"

"அது வேற."

"என்னப்பா வேற?"

அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

வியாழக்கிழமை பொது நூலகத்திலிருந்து ஸ்கொட்லாந்து அகராதி ஒன்றை இரவல் எடுத்துக்கொண்டு போனேன். செங்கல் போலப் பாரம். பக்கத்தைப் பிரித்துப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார், தலையாட்டினார். "சுவாரசியமாக இருக்கிறது. மறுபரிசீலனைப் பட்டியலில் போடுகிறேன்" என்றார். மறுபரிசீலனைப் பட்டியல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் போட்ட ஆளுக்குத் தெரியாதா?

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், போனது. அகராதியை இரண்டு தரம் புதுப்பித்தேன். கேட்கும்போதெல்லாம் "பட்டியலில் இருக்கிறது" என்ற ஒரே பதில்.

அதற்குள் வெளியாட்கள் வந்து பார்க்கும் திறந்த நாள் வந்துவிட்டது. ஐம்பது பேரளவில் வந்திருந்தார்கள், தேத்தண்ணியும் கேக்கும் இருந்தது. ஐந்து பாட்டுகளைத் தெரிந்தெடுத்துப் போட்டார்கள். மூன்றாவது அந்தக் கல்யாணப் பாட்டு. பின்னால் திரையில் பெரிய எழுத்தில் 'தாய் வரவேற்கிறாள்'. பாடகர் குரல் தணிகிற இடம் வந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் புன்சிரிப்போடு தாளம் தட்டினார்கள். அந்தத் தாளம் என் காதுக்குள் போய்க் குத்தியது.

கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன். வீட்டில் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கி வந்த வசனங்களெல்லாம் எழும்பி நின்றதும் ஓடிவிட்டன. "அவள் அழுகிறாள். அந்தத் தாய் அழுகிறாள். எழுதியிருப்பது பிழை" என்று மட்டும் வந்தது. குரலும் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதைத் துக்கம் என்று நினைத்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் என் கையைத் தடவினாள்.

பொறுப்பாளர் ஒலிவாங்கியில், "எவ்வளவு அழகான சொந்த அனுபவம்! ஒரே பாட்டு ஒவ்வொருவர் மனதையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது" என்றார். கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். கேக் துண்டு அப்படியே கிடந்தது.

அடுத்த கிழமை இணையத்தில் அந்தப் பாட்டின் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'தாய் அழுகிறாள் என்று எங்கள் தொண்டர் ஒருவர் உணர்கிறார்.' உணர்கிறாராம். அகராதியில் அச்சடித்துக் கிடக்கிறது, நான் உணர்கிறேனாம்! அத்தோடு ஸ்கொட்லாந்துப் பெட்டி வாத்தியாரின் மேசைக்குப் போய்விட்டது. எனக்கு முன்னால் வேறொரு பெட்டி.

"சொற்கள் உங்களைக் கொஞ்சம் பாதிக்கின்றன போலிருக்கிறது. இதில் முழுவதும் பைப் வாத்தியம்தான், பாட்டே இல்லை" என்றார் பொறுப்பாளர் அன்போடு.

மூன்று கிழமை, தோல்பையை அமுக்கி ஊதும் அந்தப் பைப்பைக் கேட்டேன். 'வேகமான நடை', 'மெதுவான நடை' என்று எழுதினேன். நாலாம் கிழமை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இது ஏலாது. ஸ்கொட்லாந்துப் பெட்டிக்கு இரண்டாவது ஆளாக நான் இருக்கிறன். இல்லாட்டி வீட்டை போறன்" என்றேன். தொண்டர்கள் கிடைப்பது அரிது. ஒத்துக்கொண்டார்.

இப்போது வாத்தியார் கேட்டு எழுதுகிறார், நான் கேட்டு ஒப்பம் வைக்க வேண்டும். அவர் முன்போல இடைவெளி விட்டுக் கதைப்பதில்லை. சத்தமாகத்தான் கதைக்கிறார். நானும் சத்தமாகத்தான். இரண்டு இடத்தில் நான் சொன்னதைப் பென்சிலால் எழுதினார், பேனாவால் எழுத மனம் வரவில்லை. கல்யாணப் பாட்டை மறுபடி எடுக்கச் சொன்னால், அது முடிந்த விஷயம் என்கிறார்.

போன வியாழன் ஒரு மீனவர் பாட்டில் ஒரு சொல்லுக்காக நாற்பது நிமிடம் மல்லுக்கட்டினோம். அவர் கிரௌட், கூட்டம் என்கிறார், நான் கால்ட், அவர்கள் பாஷையில் குளிர் என்கிறேன். கடைசியில் அவர் எழுதியதை மாற்றவில்லை. நானும் ஒப்பம் வைக்கவில்லை. அந்தப் பாட்டு இன்னும் இணையத்தில் ஏறாமல் கிடக்கிறது.